உங்கள் அழைப்பு யாருக்கு முக்கியம்?

“உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து இணைப்பில் காத்திருங்கள்.” சென்னையில் கைபேசி வைத்திருக்கிற எவருக்கும் இந்த இரண்டு வாக்கியங்களும் மனப்பாடம். வங்கிக்கு அடித்தாலும் அதே குரல், இன்டர்நெட் போய்விட்டது என்று அடித்தாலும் அதே குரல், இன்ஷூரன்ஸ் பணம் வராமல் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு அடித்தாலும் அதே குரல். நடுவில் கொஞ்சம் கீபோர்டு இசை. மறுபடியும் முக்கியம், மறுபடியும் காத்திருங்கள்.

இதை நாம் மழை, வெயில் மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டோம். “லைன் பிஸியா இருக்கு”, “இன்னிக்குக் கூட்டம் போல” என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பொறுமை போனால், பதினைந்து நிமிடம் கழித்து எடுக்கிற அந்தப் பையன்மீதோ பெண்மீதோ கொட்டிவிட்டு வைக்கிறோம். இரண்டும் தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உங்கள் காத்திருப்பு ஒரு முடிவு. ஏதோ ஓர் அலுவலகத்தில், ஒரு மென்பொருளின் செட்டிங்ஸ் திரையில், ஒருவர் சில கட்டங்களை டிக் செய்து, சில எண்களை நிரப்பி, ‘சேவ்’ அழுத்தியிருக்கிறார். யார் முதலில், யார் அடுத்து, யாருக்கு ஆளே கிடையாது என்பது அந்த நிமிடமே தீர்மானமாகிவிட்டது. அந்தத் தீர்மானம் யார் கண்ணிலும் படாதபடி மாதக் கடைசியில் ஓர் அறிக்கையும் அதே மென்பொருளிலிருந்து வருகிறது. தனியார் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். மின்சாரத்துக்கும் சாக்கடைக்கும் வெள்ளத்துக்கும் வேறு கடை கிடையாது. ஆகவே குறைந்தபட்சம் அரசு எண்களின் திருப்பிவிடும் விதிகளும், அவற்றின் அறிக்கைகள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதும் மக்கள் முன்னால் வைக்கப்பட வேண்டும். இது சலுகை கேட்பதல்ல. நமக்கு வர வேண்டிய கணக்கைக் கேட்பது.

*

இந்த ஊருக்கு வரிசை புதிதா என்ன? 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது சென்னையின் தெருக்களில் ஆட்களுக்கு முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. மயிலாப்பூர்ச் சந்துகளில் அது அதற்கும் முந்தைய வழக்கம். குடத்துக்குச் சொந்தக்காரி வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பார்; குடம் அவர் இடத்தைக் காக்கும். லாரி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி “அக்கா, வண்டி வந்துடுச்சு” என்று கூப்பிடுவார். இன்றைய கால் சென்டர் மென்பொருள்களில் ‘கால்பேக்’ என்று ஒரு வசதி இருக்கிறது: நீங்கள் போனை வைத்துவிடலாம், உங்கள் இடம் வரிசையில் அப்படியே இருக்கும், முறை வந்ததும் அவர்கள் கூப்பிடுவார்கள். அதாவது, குடம். நம் தெருக்களில் காசு செலவில்லாமல் இருந்த இந்த நாகரிகத்தை எத்தனை நிறுவனங்கள் ஆன் செய்து வைத்திருக்கின்றன? உங்கள் அனுபவத்தையே கேட்டுப் பாருங்கள்.

தெரு வரிசையில் நியாயம் எப்போதும் இருந்ததில்லை. பெரிய கோயில்களில் தர்ம தரிசனம் ஒரு பக்கம், கட்டண தரிசனம் இன்னொரு பக்கம். காசு கொடுத்தவர் முன்னால் போகிறார். ட்ரங்க் கால் காலத்தில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை இருந்தது. லைட்னிங் கேட்டால் பல மடங்கு கட்டணம், உடனே இணைப்பு. அம்மா சீரியஸ் என்று தந்தி வந்தவனும் காசு இல்லையென்றால் ஆர்டினரியில்தான் நின்றான். அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்துக்கு ஒரு போர்டு இருந்தது. எவ்வளவு கட்டணம், எந்த வரிசை, எனக்கு முன்னால் எத்தனை தலை என்று பார்க்க முடிந்தது. பார்க்க முடிந்ததால் சண்டை போட முடிந்தது. “யோவ், நான் ஆறு மணிக்கே குடம் வெச்சேன்” என்று கத்த முடிந்தது.

தொலைபேசி வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகு தெரியாது. பின்னால் வந்த ஒருவர் உங்களைத் தாண்டிப் போனாலும் தெரியாது. அந்த இருட்டில்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

*

1891-இல் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கர் தானியங்கித் தொலைபேசி எக்சேஞ்சுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் எஞ்சினியர் அல்ல. கன்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்குகள் நடத்திக்கொடுக்கும் தொழில் செய்தவர். போட்டிக் கடைக்காரரின் மனைவி எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தாராம். சாவு விழுந்த வீட்டிலிருந்து ஸ்ட்ரோஜரைக் கேட்டு வந்த அழைப்புகளை அவர் தன் கணவர் கடைக்குத் திருப்பிவிட்டாராம். ஆபரேட்டரே வேண்டாம் என்று இவர் இயந்திரத்தை யோசித்தது அதனால்தான் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதை எந்த அளவு உண்மையோ, அதற்குள் இருக்கும் புரிதல் பொய்யில்லை: அழைப்பைத் திருப்பிவிடுகிறவர் கையில் அதிகாரம் இருக்கிறது.

அந்த அதிகாரத்தை இயந்திரம் ஒழிக்கவில்லை, இடம்தான் மாற்றியது. ஆபரேட்டரின் விரலிலிருந்து அட்மினின் திரைக்கு. அந்தத் திரையில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன், பெரிய ரகசியமில்லை. முதலில் வேலை நேரம், விடுமுறை நாட்கள். அப்புறம் “தமிழுக்கு எண் இரண்டை அழுத்தவும்” என்கிற ஐவிஆர் மெனு. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் சில ஏஜென்ட்கள். அழைப்பை அவர்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று ஒரு விதி: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மணி அடிக்கலாம், ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போகலாம், நீண்ட நேரம் சும்மா இருப்பவருக்குப் போகலாம், அல்லது மொழி, அனுபவம் போன்ற ‘ஸ்கில்’ பார்த்துப் போகலாம். அதற்கு மேலே முன்னுரிமை எண். வரிசையில் அதிகபட்சம் எத்தனை பேர் நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், நேரம் தாண்டினால் என்ன: வேறு வரிசையா, வாய்ஸ்மெயிலா, துண்டிப்பா?

இப்போது ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். உங்கள் இன்டர்நெட் கம்பெனிக்கு அடித்து “புதிய இணைப்பு” என்பதை அழுத்துங்கள். மறுநாள் அதே நேரத்தில் அடித்து “இணைப்பை ரத்து செய்ய” என்பதைத் தேடுங்கள், கிடைத்தால் அழுத்துங்கள். எது சீக்கிரம் எடுக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டடம், ஒரே மென்பொருள், ஒரே காலை பத்து மணி. வித்தியாசம் முன்னுரிமைக் கட்டத்தில் நிரப்பப்பட்ட எண்ணிலும், வரிசைக்கு ஒதுக்கிய ஆட்களிலும் இருக்கிறது. வங்கிகளில் நீங்கள் அழைக்கும் எண்ணை வைத்தே உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று மென்பொருளால் பார்த்துவிட முடியும். கட்டண தரிசனம்தான். போர்டு மட்டும் கிடையாது.

*

இந்தத் திரையைப் பற்றிப் பேசாமல் நாம் எவ்வளவு சத்தம் போடுவோம் என்பதற்கு 2021 அக்டோபர் நல்ல உதாரணம். ஜொமாட்டோவில் சாப்பாடு வாங்கிய தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர், ஒரு பொருள் வரவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிறார். சாட்டில் பதில் சொன்ன ஊழியர், உணவகத்தோடு மொழிப் பிரச்சினை என்கிறார். பேச்சு நீண்டு, இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். ஸ்கிரீன்ஷாட் பரவியது. ஜொமாட்டோவைப் புறக்கணிப்போம் என்ற ஹேஷ்டேக் நாடெங்கும் ஓடியது. கம்பெனி தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கியது. சில மணி நேரத்தில் நிறுவனத் தலைவர் தீபிந்தர் கோயல், இது வேலையை விட்டு அனுப்புகிற அளவுக்கான தவறில்லை என்று சொல்லி மறுபடி சேர்த்துக்கொண்டார்.

தேசிய மொழி என்று ஒன்று அரசியலமைப்பில் கிடையாது. அந்த ஊழியர் சொன்னது தவறு. அதை நம் ஆட்கள் சொன்னது சரி. ஆனால் அத்தோடு நின்றுவிட்டோம். தமிழ்நாட்டில் பரிமாறப்படும் ஒரு சாப்பாட்டைப் பற்றிய புகார், தமிழ் தெரியாத ஒருவர் திரைக்கு எப்படிப் போனது? அவரா இழுத்து எடுத்துக்கொண்டார்? ஒரு விதி அவரிடம் அனுப்பியது. கம்பெனியின் மன்னிப்பு அறிக்கையைப் பார்த்தால் விடை கிடைக்கும். தமிழ்நாட்டுக்கான விளம்பரங்களை ஏற்கெனவே தமிழில் மாற்றியாயிற்று, அனிருத்தை உள்ளூர் விளம்பரத் தூதராகப் போட்டாயிற்று, தமிழ் சப்போர்ட் சென்டரைக் கோவையில் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். வாங்க வைக்கத் தமிழ் தயார். வாங்கியவர் குறை சொல்லத் தமிழ் இனிமேல்தான் வரும். வேலை போனது (பிறகு வந்தது) சாட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு. அந்த வரிசையை முடிவு செய்தவர் பெயரை யாரும் கேட்கவில்லை.

கால் சென்டர் மென்பொருளில் மொழி ஒரு ‘ஸ்கில்’. தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் எத்தனை விநாடி காத்திருப்பது, அதன்பின் தமிழ் தெரியாத யாருக்கு வேண்டுமானாலும் தள்ளிவிடுவதா என்பது ‘ஓவர்ஃப்ளோ’. நீங்கள் எண் இரண்டை அழுத்தித் தமிழைத் தேர்ந்த பிறகும் மறுமுனையில் “ஹலோ, போலியே” என்று வருகிறதே, அது பெரும்பாலும் அந்த ஓவர்ஃப்ளோதான். முப்பது விநாடி என்று ஒருவர் போட்ட எண், உங்கள் மொழிக்குக் கொடுக்கப்பட்ட ஆயுள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. உலகம் முழுக்கக் கம்பெனிகள் வாடிக்கையாளர் சேவைக்குப் பயன்படுத்தும் மென்பொருளைச் செய்து கொடுக்கிற ஊர் சென்னை. 2010-இல் இங்கே தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. அதற்கு அடுத்த மாதம்தான் இந்த ஜொமாட்டோ சண்டை. ஸோஹோவும் இந்த ஊர்ப் பிள்ளைதான். டிக்கெட், வரிசை, ரூட்டிங், எஸ்எல்ஏ என்கிற வார்த்தைகள் ஓ.எம்.ஆர். டீக்கடைகளில் டீயைவிட மலிவு. அந்தத் திரையை எழுதத் தெரிந்த இந்த ஊருக்கு, அதே திரை நம்மை என்ன செய்கிறது என்று கேட்கத் தெரியவில்லை.

*

“கூட்டம் அதிகம் சார், என்ன பண்றது?” என்பது வழக்கமான பதில். இதற்கு நூறு வருடத்துக்கு முன்பே கணக்கு போட்டாயிற்று. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் என்ற கணிதக்காரர் 1909-லும் 1917-லும் எழுதிய கட்டுரைகள்தான் இன்றும் கால் சென்டர்களில் ஆள் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் சூத்திரங்களுக்கு மூலம்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 100 அழைப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் சராசரி 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 நிமிட வேலை, அதாவது 5 பேருக்கு மூச்சு விடாத வேலை. சரியாக 5 பேரைப் போட்டால் வரிசை முடிவில்லாமல் நீளும். 6 பேர் என்றால் எர்லாங்கின் சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு சுமார் 106 விநாடி. 7 பேர் என்றால் 29 விநாடி. 8 பேர் என்றால் 10 விநாடி.

திரும்பப் படியுங்கள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரே ஓர் ஆள். ஒரு சம்பளம். அந்த ஒரு சம்பளத்தைக் கொடுக்காமல் இருப்பதற்காக, மணிக்கு நூறு பேர் ஆளுக்கு ஒன்றேகால் நிமிடம் கூடுதலாக நிற்கிறார்கள். கூட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு மணி நேரமும் மக்களிடமிருந்து இரண்டு மணி நேரத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்கு ரசீது கிடையாது. கூட்டம் எதிர்பாராமல் வருகிறது என்ற பேச்சும் எடுபடாது. திங்கட்கிழமை காலை கூட்டம் வரும், ஒன்றாம் தேதி வரும், அக்டோபர் பிறந்தால் மழை வரும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த மென்பொருளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும், மணிவாரியாக அதனிடம் கணக்கு இருக்கிறது.

*

சம்பளம் கொடுக்காமலேயே எண்ணைச் சரியாக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெயர் ரிப்போர்ட்.

இந்தத் தொழிலில் வழக்கமான இலக்கு 80/20: நூற்றுக்கு எண்பது அழைப்பை 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 100 பேர் அழைக்கிறார்கள். 60 பேரை 20 விநாடிக்குள் எடுத்தாயிற்று. 15 பேரை அதற்குப் பிறகு எடுத்தார்கள். மீதி 25 பேர் வெறுத்துப்போய் வைத்துவிட்டார்கள். அந்த 25-இல் 10 பேர் 20 விநாடிக்குள்ளேயே வைத்துவிட்டவர்கள். இப்போது சேவை எத்தனை சதவீதம்?

வந்த எல்லோரையும் கணக்கில் வைத்தால் 60. சீக்கிரம் வைத்துவிட்ட பத்துப் பேரை ஆட்டத்தில் சேர்க்காமல் விட்டால், 90-க்கு 60, அதாவது 67. அந்தப் பத்துப் பேரையும் ‘20 விநாடிக்குள் முடிந்தது’ என்று வெற்றியில் சேர்த்தால் 70. வைத்துவிட்ட யாருமே வேண்டாம், எடுத்தவர்களை மட்டும் பார்ப்போம் என்றால், 75-க்கு 60: எண்பது சதவீதம். இலக்கு எட்டியாயிற்று, கேக் வெட்டலாம்.

அதே நாள், அதே நூறு பேர், அதே கோபம். நான்கு சூத்திரம், நான்கு விடை. நான்குமே இந்தத் தொழிலில் புழக்கத்தில் இருப்பவைதான். பல மென்பொருள்களில் எதை எடுப்பது என்பது அட்மின் தேர்ந்துகொள்கிற ஒரு செட்டிங்.

அடையாறு எல்.பி. ரோடு பக்கம் ஓர் அலுவலகத்தில் இந்த அட்மின் வேலை பார்த்த நண்பன் ஒருவன் சொன்ன உரையாடலை அப்படியே தருகிறேன்.

“போன மாசம் எண்பது இருந்துச்சே, இப்ப ஏன்ப்பா எழுபது காட்டுது?”

“சார், டீம்ல ரெண்டு பேர் விட்டுட்டுப் போயிட்டாங்க. ஆள் போடச் சொல்லி மெயில் அனுப்பிருக்கேன்.”

“அது இருக்கட்டும். ஷார்ட் அபாண்டன் எவ்ளோ வெச்சிருக்கே?”

“அஞ்சு செகண்ட் சார்.”

“முப்பது வை.”

ஐந்து விநாடிக்குள் வைத்தவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பதில் ஒரு நியாயம் உண்டு. தவறாக டயல் செய்திருப்பார்கள். முப்பது விநாடி நின்றவர் தவறாக டயல் செய்தவரில்லை. அவர் பிரச்சினையோடு வந்தவர். ஒரு கட்டத்தில் 5 இருந்த இடத்தில் 30 போட்டதும் அவர் அழைக்கவே இல்லை என்றாகிவிட்டது.

‘சராசரியாக எடுக்க ஆன நேரம்’ என்று இன்னொரு எண் வரும். அதில் எடுக்கப்பட்ட அழைப்புகள் மட்டும்தான். பன்னிரண்டு நிமிடம் நின்று வைத்துவிட்டவரின் பன்னிரண்டு நிமிடம் அதில் சேராது. இன்னும் கொடுமை, அதிகம் பேர் வெறுத்து வைக்க வைக்க, மீதி ஆட்களுக்கு முறை சீக்கிரம் வந்து சராசரி அழகாகிறது. ஐவிஆர் மெனுவுக்குள் சுற்றிச் சுற்றி வழி தெரியாமல் வைத்தவர் பல அறிக்கைகளில் வரிசைக்கே வராதவர். எல்லா லைனும் நிரம்பி எங்கேஜ்டு டோன் கேட்டவரை மென்பொருளுக்கே தெரியாது. ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்குவதும் உண்டு. தொலைத்தொடர்புக் கம்பெனிகளுக்கு டிராய் வைத்திருக்கும் சேவைத் தர அளவுகோலில் 95 சதவீத அழைப்புகளுக்கு 90 விநாடிக்குள் ஆள் பேச வேண்டும் என்கிறார்கள். நல்ல விதி. அந்த 90 எந்த நொடியிலிருந்து ஓடுகிறது என்பதில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கிறது.

*

அந்தப் பக்கம் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருப்பவரும் இதே திரையின் கைதிதான். அவர் எத்தனை நொடி பேசினார், பேசி முடித்துக் குறிப்பு எழுத எத்தனை நொடி எடுத்தார், எத்தனை நிமிடம் ‘அவைலபிள்’ ஆக இருந்தார் என்பதெல்லாம் எண்ணப்படுகிறது. பாத்ரூம் போக ஒரு கோடு, சாப்பிட ஒரு கோடு. விடுமுறை, சாப்பாடு, உடம்பு சரியில்லாமை, பயிற்சி இவை எல்லாவற்றையும் சேர்த்து இந்தத் தொழில் வைத்திருக்கும் பெயர் ‘ஷ்ரிங்கேஜ்’. துணிக்கடையில் சாயம் போய்ச் சுருங்கிய துணிக்குச் சொல்கிற வார்த்தை. மனிதர் மனிதராக இருக்கிற நேரம் முழுக்க சுருக்கம்.

ஸ்கில் பார்த்து அனுப்பும் விதியில் நன்றாக வேலை செய்பவருக்கே மேலும் மேலும் அழைப்பு போகும். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் தெரிந்த பெண், ஒரு மொழி மட்டும் தெரிந்தவரைவிட மூச்சு விடாமல் பேசுவார். சம்பளம் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்லி அழுத்தினால் அவர் என்ன செய்வார்? “சார், உங்க கம்ப்ளெயின்ட் ரெஜிஸ்டர் பண்ணிட்டேன், 48 மணி நேரத்துல கால் வரும்” என்று சொல்லி வைப்பார். கால் வராது. நீங்கள் மறுபடி அடிப்பீர்கள். அறிக்கையில் அது இரண்டு அழைப்பு, இரண்டும் இலக்குக்குள் முடிந்தவை. நீங்கள் ஒரு மனிதர், ஒரு தீராத பிரச்சினை என்பது எந்தப் பத்தியிலும் வராது. அவர்மேல் கத்துவதில் பயனில்லை என்று நான் சொல்வது பெருந்தன்மையால் அல்ல. கத்த வேண்டிய இடம் அதுவல்ல.

*

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். மாநகராட்சிக்கு 1913. மின்வாரியத்துக்கு, 2021 ஜூனில் முதலமைச்சர் திறந்துவைத்த மின்னகம். முதல்வர் உதவி மையத்துக்கு 1100. ஆம்புலன்சுக்கு 108, அதன் கட்டுப்பாட்டு மையம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. இவை நல்ல ஏற்பாடுகள். இவை இல்லாத காலத்தில் வார்டு ஆபீஸ் படிக்கட்டில் நின்றவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும். அதனால்தான் இவற்றிடம் கேட்கிறேன்.

1913-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிக்கு 15 மண்டலம், 200 வார்டு. மயிலாப்பூர்க்காரர் 9-ஆம் மண்டலமான தேனாம்பேட்டைக்கும், தி. நகர்க்காரர் 10-ஆம் மண்டலமான கோடம்பாக்கத்துக்கும், அடையாறுவாசி 13-ஆம் மண்டலத்துக்கும் போக வேண்டும். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று அழைக்கிறீர்கள். அது மழைநீரா, கழிவுநீரா? மழைநீர் வடிகால் மாநகராட்சி, கழிவுநீர் மெட்ரோவாட்டர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சி. தெருவே இருட்டென்றால் மின்வாரியம். அழைக்கிறவர் தண்ணீரை முகர்ந்து பார்த்து இலாகாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறாகச் சொன்னால் “இது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க” என்று புகார் மூடப்படும். மூடப்பட்ட புகார் அறிக்கையில் எங்கே போய் உட்காரும், தீர்ந்ததிலா தீராததிலா?

இந்த எண்களைப் பற்றி வரும் செய்திகளில் இத்தனை புகார் வந்தது, இத்தனை சதவீதம் தீர்ந்தது என்று இருக்கும். புகாரைப் பதிவு செய்யவே முடியாமல் போனவர் எத்தனை பேர் என்று எப்போதாவது படித்திருக்கிறீர்களா? 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டி கோட்டூர்புரத்துக்குள்ளும் சைதாப்பேட்டைக்குள்ளும் வந்த இரவிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் நாட்களிலும் உதவி எண்களை அடித்து அடித்து ஓய்ந்தவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அந்த எங்கேஜ்டு டோன்களை யாரும் எண்ணி வைக்கவில்லை என்றால், அடுத்த வெள்ளத்துக்கு எத்தனை பேரை உட்கார வைப்பது என்று எதை வைத்துத் தீர்மானிப்பீர்கள்?

2015-இல் இன்னொன்றும் நடந்தது. முகம் தெரியாத இளைஞர்கள் ட்விட்டரிலும் கூகுள் ஷீட்டிலும் உதவி கேட்பவர்களையும் கொடுப்பவர்களையும் சேர்த்துவைத்தார்கள். ஒரு பத்தியில் இடம், ஒரு பத்தியில் தேவை, இன்னொன்றில் முடிந்ததா இல்லையா. குழப்பம் இருந்தது, பழைய தகவல் இருந்தது, ஒரே வீட்டுக்கு மூன்று படகு போனதும் இருந்திருக்கும். ஆனாலும் அது திறந்த வரிசை. யார் காத்திருக்கிறார்கள், எவ்வளவு நேரமாக என்று எவரும் பார்க்க முடிந்தது. பார்த்ததால் ஆட்கள் போனார்கள். ஆக, அவசரத்திலும் இது முடியும். தெரிந்த ஊர் இது.

*

முன்னுரிமையே கூடாதா என்று கேட்கலாம். கூடும், வேண்டும். நெஞ்சுவலிக்காரரும் சர்டிபிகேட் கேட்பவரும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. தேவையைப் பார்த்து, எழுதி வைத்த விதிப்படி முன்னால் விடுவது மருத்துவமனை நியாயம். பணத்தைப் பார்த்து, சொல்லாமல் விடுவது வேறு. இனி எல்லாம் ஏஐ பேசிக்கொள்ளும், வரிசையே இருக்காது என்பார்கள் இன்னும் சிலர். வரிசை இருக்கும், வாசல் ஒன்று முன்னால் தள்ளிப்போகும். இயந்திரத்தோடு மட்டும் பேசிவிட்டுப் போக வேண்டியவர் யார், மனிதக் குரல் யாருக்குக் கிடைக்கும் என்பது அடுத்த பத்து வருடத்தின் ரூட்டிங் விதி. அதையும் யாரோ ஒருவர் ஒரு கட்டத்தில் டிக் செய்யத்தான் போகிறார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, பொது அலுவலகங்கள் தங்கள் பணிக்கான நெறிமுறைகளை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. உதவி எண்ணின் ரூட்டிங் விதி அப்படி ஒரு நெறிமுறைதான். அவர்களாக வெளியிடும்வரை நாம் கேட்கலாம், பத்து ரூபாய் கட்டணம். கேட்க வேண்டியவை இவை. மணிவாரியாக எத்தனை அழைப்பு வந்தது, எங்கேஜ்டு ஆனதையும் சேர்த்து? எத்தனை பேர் ஆள் பேசும் முன்பே வைத்தார்கள், வைப்பதற்கு முன் எவ்வளவு நேரம் நின்றார்கள்? எத்தனை விநாடிக்குள் வைத்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்குகிறீர்கள்? சேவை சதவீதத்துக்கு எந்தச் சூத்திரம்? அந்த மாதத்தின் மிக நீண்ட காத்திருப்பு எவ்வளவு? ஒரே எண்ணிலிருந்து ஒரே புகாருக்காக மூன்று முறைக்கு மேல் அழைத்தவர்கள் எத்தனை பேர்? புகாரை ‘முடிந்தது’ என்று மூடும் அதிகாரம் யாருக்கு, அழைத்தவரைக் கேட்டுத்தான் மூடுகிறீர்களா? ஒரு ஷிப்டில் எத்தனை பேர் உட்காருகிறார்கள், மழைக்காலத்தில் எத்தனை பேர்?

இதில் ஒன்றுகூட ராணுவ ரகசியம் இல்லை. இவற்றுக்கான எண்களில் பெரும்பாலானவை அந்த மென்பொருளில் இப்போதே இருக்கின்றன. இல்லாதவற்றை ஏன் எண்ணவில்லை என்று கேட்கலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னால் கேட்டுவிடுவது நல்லது.